எட்டடி நெல்லுக்கு ஒரு ரவிக்கை

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கூப்பிடாமலே வரும், போகச் சொன்னால் போகாது. பதினாறு வருஷமாகப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கணக்கு டீச்சருக்குக் கோபம் இருந்தால் நல்ல டீச்சர் என்றுதான் எங்கள் பக்கத்தில் பெயர். அதனால் நானும் அதைக் குறைத்துக்கொள்ள மெனக்கெடவில்லை.

அந்தக் கோபம் உச்சிக்கு ஏறுகிற பாடம் ஒன்பதாம் வகுப்பின் அளவியல். கனச்சதுரத்துக்கு ஆறு பக்கம். ஒரு பக்கத்தின் பரப்பைக் கண்டுபிடித்து ஆறால் பெருக்கினால் மொத்தப் புறப்பரப்பு. இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. தரையில் வைத்த பெட்டிக்கு வண்ணம் பூச வேண்டும் என்று கேள்வி வரும்போதுதான் வில்லங்கம். அங்கே ஐந்து பக்கம்தான். வருஷா வருஷம் பாதி வகுப்பு ஆறால் பெருக்கிக்கொண்டு வந்து நிற்கும். நான் கத்துவேன்: "தரையில குந்திக்கிட்டிருக்கற பக்கத்துக்கு எவன்டி பெயின்ட் அடிப்பான்?" இந்தச் சத்தம் கேட்டால்தான் அளவியல் ஆரம்பித்துவிட்டது என்று தலைமையாசிரியைக்கே தெரியும்.

இதற்கென்றே ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். ஐந்து பக்கத்துக்கும் ஐந்து நிறத்தில் பளபளப்புக் காகிதம் ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும் வெறும் அட்டையாக விட்டிருந்தேன். அதை வகுப்பின் நடுவில் தரையில் வைத்து, ஸ்கேலால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டி எண்ணச் சொல்வேன். ஆறு என்று எவளாவது வாயைத் திறந்தால் அடுத்த தட்டு பெஞ்சில் விழும். அதற்குப் பிறகு யாரும் ஆறு என்று சொன்னதில்லை. நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். பதினோரு வருஷம் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அப்படியென்றால் பதினோரு வருஷம் போனிலேயே குடித்தனம். போன வருஷம் திரும்பி வந்து, வெண்ணாற்றுப் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, இந்த வருஷம் முதல் தடவையாகச் சொந்தமாகக் குறுவை நெல் போட்டார். அவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்று சிரித்தார்கள். "அவனுக்கு வயலு எங்க தெரியும்? லிஃப்ட்டு பட்டன்தான் தெரியும்." இவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அறுவடை மெஷின் வந்து போன அன்று சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"இந்த நெல்லு நல்லபடியா எடை போட்டுட்டா இங்கயே இருந்துடறேன். நனைஞ்சு முளைச்சுப் போச்சுன்னா, கம்பெனிக்காரன் இன்னும் வான்னுதான் சொல்றான்."

அவருடைய பாஸ்போர்ட் பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. அன்று சாயங்காலம் நான் போய் அதற்கு மேல் இன்னும் இரண்டு புடவைகளை வைத்தேன். மறுபடியும் ஒரு பதினோரு வருஷத்தை என்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கழிக்க முடியாது.

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிற்று. வாய்க்காலை ஒட்டின தாழ்வான களம். எங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். முளைவிட்டால் பேச்சே கிடையாது. ஐப்பசி வானம் வேறு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்த பழைய தார்ப்பாய்ப் படுதாக்களை எடுத்து விரித்தால், எலி கடித்துச் சல்லடையாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"புதுசா ஒரு படுதா வாங்கணும். எத்தன அடி வாங்கலாம்?"

அடடா, என்ன கேள்வி! பதினான்கு வருஷத்தில் என் பாடத்திலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி. அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. "பெருசா ஒண்ணு வாங்குங்க" என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், குவியலுக்கு உருவமே இல்லை. ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் புடைத்து, எருமை படுத்த மாதிரி கிடந்தது. இதற்குச் சூத்திரம் கிடையாது. "கூம்பா ஆக்குங்க" என்றேன். நெல் காயவைக்க வந்திருந்த ஆட்கள் பலகை பிடித்துத் தள்ளித் தள்ளிக் கூம்பாக்கினார்கள். சாயுயரம் அளக்க யாராவது உச்சிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர்தான் ஏறினார். முழங்கால் வரைக்கும் புதைந்து, கூம்பு மறுபடியும் எருமையாகிவிட்டது. மூன்று தடவை. நாலாவது தடவை குத்துமதிப்பாக அளந்து, பை ஆர் எல் போட்டு, வளைபரப்பைக் கண்டுபிடித்துப் படுதாக் கடைக்குப் போன் செய்தேன். விரிவடிவம் வட்டக்கோணப் பகுதி, அப்படியே வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன்.

கடைக்காரர் சொன்னார்: "யம்மா, நாங்க ரோல்லதான் விக்கறோம். எட்டடி அகலம். நீளம் மட்டும் சொல்லுங்க, அறுத்துத் தரேன்."

எட்டடி! நோட்டைப் புரட்டினேன். அறுவடை மெஷின்காரர் கணக்குப்படி இருநூற்றைந்து மூட்டை நெல். நாற்பது கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கன அடி. பெருக்கினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டரை. எட்டின் கனம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எனக்குப் புல்லரித்துப்போயிற்று. எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரம், ஒரு முழுக் கனச்சதுரம்! ஐந்து பக்கத்துக்கு 320 சதுர அடி. எட்டடி ரோலில் சரியாக நாற்பதடி நீளம் வாங்கினால் ஒரு துண்டுகூட மிஞ்சாது. கடவுளும் ஒரு கணக்கு வாத்தியார்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வீட்டிலிருந்த உரச்சாக்கு, அரிசிச்சாக்கு, சிமென்ட் சாக்கு, அக்கம்பக்கத்துச் சாக்கு எல்லாவற்றையும் திரட்டி நெல்லைப் பிடிக்க ஏற்பாடு செய்தேன். அடுக்குவதற்குக் களத்துச் சுமையாட்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமாக மூட்டை அடுக்குகிற ஆள். நான் கோலமாவில் தரையில் எட்டடிக்கு எட்டடி சதுரம் போட்டதை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், செவுரு மாதிரி நட்டுக்க அடுக்குனா சாஞ்சுடும். மேல போகப் போக கொஞ்சம் உள்ள வாங்கணும்."

"உள்ள வாங்கினா அது கனச்சதுரமே இல்ல மேஸ்திரி."

"பெரிய கோயிலே மேல போகப் போக உள்ள வாங்கித்தான நிக்குது?"

"பெரிய கோயிலுக்கு யாரும் படுதா தைக்கல. எட்டுன்னா மேலயும் எட்டு, கீழயும் எட்டு."

மேஸ்திரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் வீட்டுக்காரர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "அப்ப... அடியில?"

"அடியில என்ன?"

"இல்ல, அடிப்பக்கத்துக்கு ஏதாவது..."

"அடிப்பக்கம் கணக்குல வராதுங்க! தரையில குந்திக்கிட்டிருக்கற பக்கத்துக்கு யாராவது படுதா போடுவாங்களா?"

களமே திரும்பிப் பார்க்கிற குரலில்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சரி" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் கனச்சதுரம் எழும்பி நின்றது. என்ன அழகு! அடியைச் சுற்றி வைக்கோல் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. களம் என்றால் சிந்தத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். உயரத்தை அளக்க வேண்டும் என்றேன். மேஸ்திரி உச்சியில் ஏறி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் கீழே குனிந்து வைக்கோலுக்குள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் நடுவில் நோட்டோடு நின்றேன்.

"எவ்வளவு மேஸ்திரி?"

"எட்டு டீச்சர். அச்சா எட்டு."

"மேல அகலம்?"

"அதுவும் எட்டுதான். நீங்க சொன்ன மாதிரியே."

நோட்டில் எட்டு, எட்டு, எட்டு என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களை வழியெல்லாம் என் சீர்ப் பாத்திரங்கள் இறைந்து கிடந்தன. பரணில் இருந்த அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாம் தரையில். பரண் பலகையில் கரையான் ஏறிவிட்டது, கழற்றி வெயிலில் போட்டிருக்கிறேன் என்றார் வீட்டுக்காரர். "வானம் மூடிக்கிட்டு நிக்குது, எந்த வெயில்ல போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் தவலையை ஓரமாக நகர்த்திவைத்தார். அந்த வாரம் பூராவும் அண்டாவில் கால் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு ஒரு அர்ச்சனை நடந்தது.

படுதாவைத் தைக்க, பத்து வருஷமாக எனக்கு ரவிக்கை தைக்கிற டெய்லரிடமே கொடுத்தேன். இருபத்துநாலடியில் ஒரு நீளத் துண்டு, அது முன்பக்கம், மேல்பக்கம், பின்பக்கம். எட்டடியில் இரண்டு சதுரம், அது இரண்டு விலாப்பக்கம். படம் வரைந்தே கொடுத்துவிட்டேன். அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, கை வைக்க வேணாம்ல?"

"வெளாடாதீங்க."

"சரி, தையலுக்கு விடணும்ல? ரெண்டு விரக்கடையாச்சும்?"

"ஒரு நூல்கூட விடக் கூடாது. எட்டுன்னா எட்டு. விட்டா கணக்கு தப்பிடும்."

"அப்ப ஊசி எங்கம்மா போகும்?"

"அது உங்க பாடு."

அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார். "சரிங்க" என்றார்.

புதன்கிழமை மாட்டினோம். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து இழுக்க, நெல்லின் மேல் சிக்கென்று உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. களத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் குவியலை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்தார்கள். "யோவ், நெல்லுக்கு ரவிக்கைய்யா!" என்றார் ஒருவர். "கொக்கி முன்னாடியா பின்னாடியா?" என்றார் இன்னொருவர். சிரிக்கட்டும். அவர்கள் குவியல்களின் மேல் கிடந்த படுதாக்களைப் பார்த்தேன். பாதி காற்றில் பறந்தது, பாதி வாய்க்காலில் தொங்கியது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அந்த நிறைவும் நிலைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பல் விளக்கும்போது மண்டையில் பளிச்சென்றது. அடிப்பக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கனச்சதுரம் சிக்கனமே இல்லை! பத்தடிக்குப் பத்தடி, உயரம் ஐந்தடி என்று அடுக்கியிருந்தால் கிட்டத்தட்ட அதே நெல்லுக்கு 300 சதுர அடிதான். இருபது சதுர அடி வீண். வாயில் நுரையோடு ஓடிப்போய், எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப அடுக்கச் சொன்னேன். படுதாவை ஏற்கெனவே தைத்தாயிற்று என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை. வீட்டுக்காரர் கையிலிருந்த தோசையை வைத்துவிட்டு, "சரி, மேஸ்திரிகிட்ட சொல்றேன்" என்றார். சொல்லியிருந்தால் மேஸ்திரி அன்றைக்கே ஊரைவிட்டு ஓடியிருப்பார்.

அன்றைக்கு வகுப்பில் என் கனச்சதுரத்தையே கேள்வியாகப் போட்டேன். எட்டடிப் பக்கமுள்ள நெல் அடுக்கு. மூடுவதற்கு எத்தனை சதுர அடி படுதா வேண்டும்? முப்பத்தெட்டுப் பேர் 320 என்று எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் 384. அவர்கள் வீட்டு நெல்லும் அதே களத்தில்தான் கிடந்தது. எங்களுக்கு இரண்டு குவியல் முன்னால். சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன்.

"நெல்லுக்கு அடியிலயும் படுதாவா? பாவாடையும் கட்டிவிடுவியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க வீட்டுல..."

"உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியம் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை விடுவார்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள், விடவில்லை. சைக்கிள் நிறுத்துமிடம் குளமாகி, தண்ணீர் வராந்தாவில் ஏறி, வகுப்புக்குள்ளும் கொஞ்சம் வந்துவிட்டது. எனக்குப் பயமே இல்லை. என் நெல் ரவிக்கை போட்டுக்கொண்டு இருக்கிறது! குஷியாகத்தான் பாடம் நடத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் தரையில் வைத்த அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. ஸ்கேலால் தட்டினேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மேலே ரோஸ்.

"அஞ்சு! ஆறாவது பக்கம் எங்க? தரையில. அதுக்கு எவனாவது..." என்று ஆரம்பித்து, காட்டுவதற்காகப் பெட்டியைத் தூக்கினேன்.

ஐந்து பக்கம் கையோடு வந்தது. ஆறாவது பக்கம் ஊறிக் கூழாகித் தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, பயம். அய்யோ, அடிப்பக்கம்! வாய்க்காலை ஒட்டின தாழ்வான களம். பாஸ்போர்ட்டுக்கு மேல் எத்தனை புடவை வைத்து என்ன பிரயோஜனம்? தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாதி வழியில் அது நின்றுவிட்டது. புளியமரத்தடியில் அதைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

களத்தில் கணுக்கால் தண்ணீர். நிலையத்துத் தாழ்வாரத்தில் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் "அடிப்பக்கம்! அடிப்பக்கம்!" என்று அலறிக்கொண்டு வருவதைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். நான் நேராகப் போய்ச் சேறோ தண்ணீரோ என்று பார்க்காமல் மண்டியிட்டு, வைக்கோலைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கையை அடியில் விட்டேன்.

கையில் தட்டுப்பட்டது சாக்கு இல்லை. மரம். குனிந்து பார்த்தேன். நீலப் பெயின்ட் அடித்த பலகை. அதில் வட்டமாக ஒரு கரித்தடம், என் அண்டா பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்த தடம். எங்கள் வீட்டுப் பரண். பலகைக்கு அடியில் செங்கல்லை நட்டுக்க வைத்து அடுக்கியிருந்தது. தண்ணீர் செங்கல்லோடு நின்றது. மேலே சாக்கைத் தடவினேன். காய்ந்த சாக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஏழு பலகையையும் வைக்கோலில் மறைத்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் குடையோடு வந்து பின்னால் நின்றார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நின்றார்.

"ஏங்க, இத எப்ப வச்சீங்க?"

"திங்கக்கெழம. நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்." கொஞ்சம் இழுத்தார். "அங்க கிடங்குல பலகை இல்லாம ஒரு பெட்டியக்கூடத் தரையில வக்க விடமாட்டாங்க."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"கேட்டேனே, அடியிலன்னு."

"நான் வேணாம்னு சொன்னா, நீங்க எடுத்துச் சொல்லணும். சண்ட போட்டாவது சொல்லணும்!"

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். மேஸ்திரி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன்ல நான் ஏதாவது மாத்திச் சொன்னா நீ கட் பண்ணிடுவ" என்றார். "மறுபடி அடிச்சா எடுக்க மாட்ட. மறுநா சாயங்காலம் வரைக்கும் நான் அந்தக் கிடங்குல பெட்டியக் கட்டிக்கிட்டு அழணும். அதுல பழகிட்டேன். நீ என்ன சொன்னாலும் சரின்னுட்டு, வேண்டியத நானே செஞ்சுக்கறது."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் எத்தனை தடவை கட் பண்ணியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு தூங்கினேன். அத்தனை பேர் நடுவில், கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பரண் பலகையைப் பிடித்தபடி விசித்து விசித்து அழுதேன். நெல் நனைந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் டீச்சர் என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

நெல் நனையவில்லை. அடுத்த வாரம் வெயில் அடித்து எங்கள் முறை வந்தது. ஈரப்பதம் பதினாறரை. முளை ஒன்றும் இல்லை. ரவிக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டபோதுதான் பார்த்தேன். தையலுக்கு உள்பக்கம் நெடுக, பழைய ஃபிளெக்ஸ் பேனரை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டுப் போட்டிருந்தார் டெய்லர். ஏதோ மஞ்சள் நீராட்டு விழா பேனர். ஒரு தையலில் 'வருக வருக', ஒரு தையலில் கும்பிட்ட கை, ஒரு மூலையில் யாரோ ஒரு தாய்மாமனின் பாதி மீசை. அந்த ஒட்டு இல்லாவிட்டால் என் எட்டடி மூட்டைக்கு ஏறியே இருக்காது.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் டீச்சர். மேல ஏழே காலுதான். உள்ள வாங்கித்தான் அடுக்குனேன்."

ஆக, என் கனச்சதுரம் மேலே எட்டு இல்லை, தையலில் எட்டு இல்லை, பக்கமும் ஐந்து இல்லை. நோட்டில் மட்டும்தான் இரட்டைக் கோட்டோடு சரியாக இருந்தது. இரண்டு குவியல் முன்னால் இருந்தவர், கடைசி பெஞ்சுக்காரியின் அப்பா, தன் நெல்லுக்கு அடியில் விரித்திருந்த பழைய படுதாவை மடித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க எப்பவும் அடிக்கு ஒண்ணு போட்டுருவோம் டீச்சர். மேல வர்ற மழைய விட கீழ வர்ற ஈரம்தான் கெடுக்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் முதல் வேலையாகப் பலகைகளைக் கழுவித் துடைத்துப் பரணில் மாட்டினார். அண்டாவை நான் எடுத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அடுத்த போகம் தாளடிக்கு நாற்று எப்போது பறிக்கலாம் என்று கேட்டார். "எனக்கு என்ன தெரியும், நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் திரும்பி, காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை புது அட்டைப்பெட்டியோடு வகுப்புக்குப் போனேன். ஞாயிறு பூராவும் உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கும் காகிதம் ஒட்டியிருந்தேன். அதை மேசைமேல் வைத்தேன்.

"மழைக்கு முந்தி கேட்ட நெல்லுக் கணக்குல, டீச்சர் சொன்னது தப்பு. ஆறு பக்கம் போட்டவங்க கை தூக்குங்க."

முப்பத்தொன்பது பேர். ஒரு கைகூட எழும்பவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரியும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் அவள் நோட்டை எடுத்துப் பிரித்தேன். 384 இருந்த இடத்தில், தாள் மெலிந்து போகிற அளவுக்கு அழித்து, 320 என்று எழுதியிருந்தாள். என் சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் பாதி அழியாமல் நின்றது.

"ஏன்டா அழிச்ச? நீ எழுதினதுதானே ரைட்டு?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிங்க டீச்சர்" என்றாள். என் வீட்டுக்காரர் சொல்கிற அதே சரி.